பொருள்களின் லிஸ்டில் தேடினால் ஏன் "இல்லை" இத்தனை தடவை வருகிறது?

கேள்வி | ஜூன் 2, 2024, இரவு 10.15

ஊர் குடியாத்தம். பைத்தான் நிரல்மொழி படிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் கைலிக் கடை, அதனால் கடைச் சரக்கை வைத்தே பழகலாம் என்று 'கைலி' என்று ஒரு கிளாஸ் (பொருள்களை உருவாக்கும் அச்சு) எழுதினேன். எண், நிறம், நீளம், விலை என்று நாலு பண்புகள். நாற்பது கைலிகளை உருவாக்கி 'சரக்கு' என்ற லிஸ்டில் போட்டேன். நிறம் "பச்சைக் கட்டம்" உள்ளதைத் தேடினால் "இல்லை, இல்லை" என்று வரிசையாக வந்து, நடுவில் அங்கங்கே "இருக்கிறது", அப்புறம் மறுபடியும் "இல்லை". பதிலைத் திருப்பித் தரும்படி ரிட்டர்ன் போட்டு ஃபங்ஷனாக மாற்றினேன். இப்போது எதைத் தேடினாலும் இல்லை என்கிறது, லிஸ்டின் முதல் கைலியைத் தேடினால் மட்டும் சரியாக வருகிறது. 'இன்' போட்டாலே லிஸ்ட் தேடிக்கொள்ளும் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. பொருள்களை லிஸ்டில் வைத்துத் தேடவே கூடாதா?

பதில் | ஜூன் 2, இரவு 11.05

தாராளமாகத் தேடலாம். நீங்கள் எழுதியதை இங்கே போடவில்லை, ஆனால் சொல்வதைப் பார்த்தால் ஃபங்ஷனுக்குள் இப்படித்தான் இருக்கும் (ஃபார், இன், இஃப், எல்ஸ், ரிட்டர்ன், நன் எல்லாம் பைத்தானின் ஆங்கிலச் சொற்கள், இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்; நன் என்றால் 'ஒன்றும் இல்லை'):

ஃபார் கைலி இன் சரக்கு:
    இஃப் கைலி.நிறம் == "பச்சைக் கட்டம்":
        ரிட்டர்ன் கைலி
    எல்ஸ்:
        ரிட்டர்ன் நன்

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் கைலி பச்சைக் கட்டம் இல்லை என்று தெரிந்த உடனே "ஒன்றும் இல்லை" என்று சொல்லி ஃபங்ஷன் முடிந்துவிடுகிறது. மீதி 39 கைலிகளை யாரும் தொடவே இல்லை. முன்பு பிரிண்ட் போட்டபோது பொருந்தாத ஒவ்வொரு கைலிக்கும் ஒரு "இல்லை" வந்ததும் இதே எல்ஸால்தான். எல்ஸை எடுத்துவிட்டு, ரிட்டர்ன் நன் என்ற வரியை ஃபாருக்கு நேர்க்கோட்டில், ஒவ்வொரு கைலிக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே வையுங்கள்.

ஃபார் கைலி இன் சரக்கு:
    இஃப் கைலி.நிறம் == "பச்சைக் கட்டம்":
        ரிட்டர்ன் கைலி
ரிட்டர்ன் நன்

அவ்வளவுதான் மாற்றம். எட்டு ஸ்பேஸ் இடது பக்கம் நகர்ந்திருக்கிறது.

ஜூன் 3, காலை 6.20

நேற்று தூக்கக் கலக்கத்தில் திருத்தத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். கைலிக் கடை என்று படித்ததும் பெரியப்பாவின் கடை ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் குடியாத்தம்தான். சுவர் முழுக்க மரத் தட்டுகள், கீழே இருந்து மேலே ஏழு. மேல் தட்டுக்கு மூங்கில் ஏணி. பள்ளி லீவில் என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் கருநீலத்தில் சின்னக் கட்டம் கேட்டார். நான் கீழ்த் தட்டைப் பார்த்தேன், அங்கே இல்லை. "இல்லை பெரியப்பா" என்றேன். இரண்டாவது தட்டைப் பார்த்தேன், அங்கேயும் "இல்லை பெரியப்பா". அவர் கணக்கு நோட்டை மூடாமலே சொன்னார்: "தட்டுக்குத் தட்டு இல்லைன்னு சொல்லாதடா. மேல் தட்டு வரைக்கும் பார்த்துட்டு, கீழ இறங்கி வந்து ஒரு தடவை சொல்லு." வாடிக்கையாளர் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். கருநீலம் ஐந்தாவது தட்டில் இருந்தது.

"இருக்கிறது" என்பதைப் பார்த்த இடத்திலேயே, ஏணியில் நின்றபடியே சொல்லலாம். "இல்லை" என்பதை இறங்கி வந்த பிறகுதான் சொல்ல முடியும். இரண்டு பதிலும் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. இஃப்புக்கு ஜோடி எல்ஸ் என்று பழகிவிட்டதால் கை தானாக அங்கே எல்ஸ் போட்டுவிடுகிறது. அந்த எல்ஸ் "இந்தக் கைலி அது இல்லை" என்று சொல்கிறது. நாம் அதை "கடையிலேயே இல்லை" என்று படித்துக்கொள்கிறோம்.

சத்துவாச்சாரியில் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். இந்தப் பாடத்தில் ஒன்பதில் ஏழு பேர் இதே எல்ஸைத்தான் எழுதினார்கள். கவனக்குறைவு என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 3, மதியம் 1.40

'இன்' ஏன் வேலை செய்யவில்லை என்பதற்குப் பதில் பாக்கி.

"பச்சைக் கட்டம்" இன் சரக்கு என்று எழுதினால், லிஸ்டில் உள்ள ஒவ்வொன்றையும் அந்தச் சொல்லோடு ஒப்பிட்டு "நீயும் இதுவும் ஒன்றா?" என்று கேட்கிறது. லிஸ்டில் இருப்பது கைலி. கைலியும் ஒரு சொல்லும் ஒன்றாக முடியாது, அதனால் எப்போதும் ஃபால்ஸ் (பொய்). கைலிக்கு உள்ளே போய் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது, நீங்கள் சொல்லவில்லை. நிறத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்ல 'எனி' இருக்கிறது:

எனி(கைலி.நிறம் == "பச்சைக் கட்டம்" ஃபார் கைலி இன் சரக்கு)

ட்ரூ அல்லது ஃபால்ஸ் வரும். முதல் ட்ரூ கிடைத்ததும் நின்றுவிடும், மீதியைத் தேடாது.

சிலர் வேறு வழி பார்ப்பார்கள். அதே எண், நிறம், நீளம், விலையோடு புதிதாக ஒரு கைலியை உருவாக்கி, அதை 'இன்' போட்டுத் தேடுவார்கள். அதற்கும் ஃபால்ஸ்தான் வரும். பண்புகள் அத்தனையும் ஒத்துப்போனாலும் இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஒரே தறியில் அடுத்தடுத்து நெய்த இரண்டு கைலி மாதிரி. இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்றால் எப்படி ஒப்பிடுவது என்று சொல்லும் 'ஈக்யூ' மெத்தட் ஒன்றைக் கிளாஸுக்குள் எழுத வேண்டும், இல்லையென்றால் டேட்டாகிளாஸ் ஆக்க வேண்டும். பைத்தான் 3.7-இல் வந்த டேட்டாகிளாஸ் அந்த ஒப்பீட்டைத் தானே எழுதிக்கொள்ளும். ஆனால் அது எல்லாப் பண்பையும் சேர்த்துத்தான் பார்க்கும். விலை ஒரு ரூபாய் மாறியிருந்தாலும் வேறு பொருள் என்று சொல்லிவிடும்.

ஜூன் 3, இரவு 9.30

எண்ணை வைத்துத் தேடுகிறவர்களுக்கு: இன்புட் மூலம் வாங்கினால் வருவது எப்போதும் எழுத்துதான். கீபோர்டில் 27 அடித்தாலும் உள்ளே வருவது "27". கைலி.எண் முழு எண்ணாக இருந்தால் 27 == "27" ஃபால்ஸ். பைத்தான் எந்தப் பிழையும் காட்டாது, அமைதியாக "இல்லை" என்று சொல்லும். இன்ட் போட்டு முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, இரவு 8.50

ஒன்று போதுமா, எல்லாம் வேண்டுமா? இதைத் தேட ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

எல்லாம் வேண்டும் என்றால், ஒரே வரியில் புது லிஸ்ட் உருவாக்கும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்:

[கைலி ஃபார் கைலி இன் சரக்கு இஃப் கைலி.நிறம் == "பச்சைக் கட்டம்"]

கிடைக்கவில்லை என்றால் காலி லிஸ்ட் வரும். இதில் எல்ஸ் எங்கே வைப்பது என்ற குழப்பமே இல்லை, அதனால் என் பிள்ளைகளுக்கு இப்போது இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் ரிட்டர்ன் பக்கம் போகிறேன்.

ஃபில்டரும் இதையே செய்யும், ஆனால் பைத்தான் 3-இல் அது லிஸ்ட் தராது. ஒரு தடவை மட்டும் ஓடும் இட்டரேட்டர் ஒன்றைத் தரும். ஒருமுறை லூப் போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை இருந்தது என்று மறுபடி எண்ணினால் சுழியம் வரும். கிடைத்ததெல்லாம் காணாமல் போய்விட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். லிஸ்ட் என்று சுற்றி எழுதி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

முதலில் கிடைப்பது ஒன்று போதும் என்றால் 'நெக்ஸ்ட்'. கிடைக்காவிட்டால் நன் தரும்.

ஜூன் 6, காலை 7.10

நேற்றைய கடைசி வரி தவறு. நெக்ஸ்ட் தானாக நன் தராது. கிடைக்கவில்லை என்றால் ஸ்டாப்இட்டரேஷன் என்று பிழை எறிந்து நிரலை நிறுத்திவிடும். நன் வேண்டும் என்றால் இரண்டாவதாக நாம்தான் கொடுக்க வேண்டும்:

நெக்ஸ்ட்((கைலி ஃபார் கைலி இன் சரக்கு இஃப் கைலி.நிறம் == "பச்சைக் கட்டம்"), நன்)

உள்ளே தனி அடைப்புக்குறி இருப்பதையும் கவனியுங்கள். இரண்டாவது மதிப்பு வந்துவிட்டால் அது கட்டாயம்.

நன் வந்த பிறகு இன்னொரு பள்ளம் இருக்கிறது. தேடலின் முடிவை 'கிடைத்தது' என்ற பெயரில் வைத்துக்கொண்டு, கிடைத்ததா என்று பார்க்காமல் நேராகக் கிடைத்தது.விலை என்று கேட்டால், நன்னுக்கு விலை என்ற பண்பு இல்லை என்று பிழை வரும். புதிதாகப் படிப்பவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளாஸில் போய்த் தவறு தேடுவார்கள். தவறு கிளாஸில் இல்லை. தேடல் வெறுங்கையோடு வந்ததைக் கேட்காமல் விட்டதுதான் தவறு. ஜாவா என்ற வேறொரு நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பில், முதலில் கிடைப்பதைத் தேடும் ஃபைண்ட்ஃபர்ஸ்ட் நேராகப் பொருளைத் தராமல் ஆப்ஷனல் என்ற உறைக்குள் வைத்துத் தருவது இதற்காகத்தான். உறையைத் திறக்கும் இடத்தில் காலியாக இருக்குமோ என்ற யோசனை வந்தே தீரும்.

ஜூன் 8, இரவு 10.40

பொருளைத் திருப்பித் தராமல் அது இருக்கும் இடத்தின் எண்ணைத் தரலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தரலாம். ஆனால் இதில் நான் பட்டது சின்ன அனுபவம் இல்லை.

பல வருடம் முன்பு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கிடங்குக்கு இருப்புப் பட்டியல் எழுதிக்கொடுத்தேன். தேடும் ஃபங்ஷன் இடத்தின் எண்ணைத் தரும், கிடைக்கவில்லை என்றால் நன். அழைக்கும் இடத்தில் "இஃப் இடம்:" என்று மட்டும் எழுதினேன். லிஸ்டின் முதல் பொருளின் இடம் 0. பைத்தானில் 0 என்பது ஃபால்ஸ் போலத்தான் நடக்கும். அதனால் பட்டியலில் முதலில் இருந்த ஆட்டுத் தோல் ரகம் எப்போது தேடினாலும் "இருப்பில் இல்லை". கிடங்கு மேற்பார்வையாளர் மூன்று வாரம் அந்த ரகத்தை வெளியில் வாங்கியிருக்கிறார். கட்டுக்கட்டாக அது கண் முன்னால் கிடக்க, திரையில் இல்லை என்று இருந்ததால் வேறு யாருக்கோ ஒதுக்கியது என்று நினைத்துக்கொண்டாராம். அவர் கம்ப்யூட்டரை நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"இஃப் இடம் இஸ் நாட் நன்:" என்று முழுசாக எழுதுங்கள்.

சரி, நன் வேண்டாம், -1 தருகிறேன் என்றால்? ஜாவாஸ்கிரிப்டில் ஃபைண்ட்இண்டெக்ஸ் அப்படித்தான் தரும். அதைப் பார்த்துப் பைத்தானிலும் -1 தருகிறவர்கள் உண்டு. பைத்தானில் சரக்கு[-1] என்றால் கடைசிப் பொருள். இல்லாத கைலியைத் தேடினால் பிழையே வராமல் கடைசிக் கைலியின் விலை வந்து நிற்கும். "இல்லை" என்று தவறாகச் சொல்வதைவிட இது மோசம்.

ஜூன் 9, மாலை 5.15

இன்று வகுப்பில் நடந்தது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளைப் பட்டியலாக்கி இருந்தாள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் விளையும் பகுதி, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். பட்டியலில் "முள்ளு கத்தரிக்காய்" என்று இருந்தது. தேடியது "முள்ளுக் கத்தரிக்காய்". வரவில்லை. கால்மணி நேரம் லூப்பையே முறைத்துக்கொண்டிருந்தாள். லூப்பில் ஒரு குறையும் இல்லை. ஒரு க் தான்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இது தனிச் சிக்கல். கைலிக் கடைத் தம்பி, உங்கள் "பச்சைக் கட்டம்" எல்லா இடத்திலும் க் போட்டுத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்று நமக்கே சந்தேகம் வரும் இடங்களில் பட்டியல் கட்டாயம் இரண்டு விதமாக இருக்கும். நிறத்தைக் கையால் ஒவ்வொரு தடவையும் அடிக்காமல், மேலே ஒரே இடத்தில் மாறிலியாக வைத்து அதையே எல்லாக் கைலிக்கும் கொடுங்கள். சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் ஸ்பேஸை நீக்க ஸ்ட்ரிப் போடுங்கள், "நீலம் " என்பதும் "நீலம்" என்பதும் வேறு.

ஜூன் 9, இரவு 9.55

ஒற்றைவிட மறைவானது ஒன்று உண்டு. "கோடு" என்ற சொல்லின் கோ-வை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ோ என்ற ஒரே குறி, அல்லது ே, ா என்று இரண்டு குறிகள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. நீளத்தை எண்ணும் லென் போட்டுப் பார்த்தால் ஒன்று 4, மற்றது 5. == போட்டால் ஃபால்ஸ். வேறு வேறு மென்பொருளில் அடித்ததையும் பழைய ஃபாண்டிலிருந்து மாற்றியதையும் ஒரே பட்டியலில் கொட்டும்போது இது வரும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. பட்டியலில் சேர்க்கும்போது ஒருமுறை, தேடும் சொல்லுக்கு ஒருமுறை குறிகளைச் சேர்த்து எழுதும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற எல்லாவற்றையும் அது சரிசெய்யாது. துணைக்காலுக்குப் பதில் ர அடித்திருந்தால் அது வேறு எழுத்துதான். அதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம்: பண்பின் பெயரைத் தமிழில் வைத்தால், டாட் போட்டு எழுதும் பெயர்களைப் பைத்தான் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் சொற்களைத் தொடாது. அதனால் கெட்அட்டர் போட்டுப் பண்பின் பெயரைச் சொல்லாகக் கொடுத்தால் மறுபடி இதே தொல்லை வரலாம்.

ஜூன் 12, இரவு 10.20

கேள்வியிலிருந்து விலகிப் போகிறேன், ஆனால் இதுவும் தேடல்தான்.

அப்பாவின் முகவரி நோட்டை ஒரு லிஸ்டாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பெயர், ஊர், மாவட்டம். மாவட்டம் "வேலூர்" உள்ளவர்களைத் தேடினேன், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஆம்பூர் அத்தை வீட்டு முகவரியே நோட்டில் நாலு இடத்தில் நாலு விதமாக இருக்கிறது. பழையதில் வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகு எழுதியதில் வட ஆற்காடு அம்பேத்கர். 1996-க்கு அப்புறம் எழுதியதில் வேலூர். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததும் என் தங்கை பேனாவால் திருத்தியதில் திருப்பத்தூர். அத்தை அதே தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறார்.

ஆற்காடு என்ற ஊர்கூட இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. "எங்கள் மாவட்டத்துக்காரர் எல்லோரையும் காட்டு" என்று எந்த மதிப்பை வைத்துத் தேடுவது? நான் மாவட்டம் என்ற பண்பையே தூக்கிவிட்டேன். ஊரை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த ஊர் இப்போது எந்த மாவட்டம் என்பதை, சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் தனி டிக்‌ஷனரியில் வைத்தேன். நாளைக்கு மறுபடி பிரித்தால் அங்கே ஒரு வரி மாற்றினால் போதும். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "வட ஆற்காடுன்னு போடாம எப்படி" என்கிறார். அவருக்காகப் பழைய எழுத்தையும் 'நோட்டில் உள்ளபடி' என்ற பண்பாக அப்படியே வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, மதியம் 12.30

ஒவ்வொரு தடவையும் முழு லிஸ்டையும் சுற்றுவது வீண், டிக்‌ஷனரி போடு என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நாற்பது கைலிக்கு வேண்டாம். நாலாயிரத்துக்கும் ஒரு தடவை தேட லூப் போதும், கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே தேடலைத் திரும்பத் திரும்ப ஆயிரக்கணக்கில் செய்யும்போதுதான் டிக்‌ஷனரி உதவும்.

எண்ணைச் சாவியாக வைத்தால் சரி, ஒரு எண்ணுக்கு ஒரு கைலி. நிறத்தைச் சாவியாக வைத்தால் இரண்டாவது பச்சைக் கட்டம் முதல் பச்சைக் கட்டத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லிஸ்ட் வைக்க வேண்டும். அப்புறம் கைலியின் நிறத்தைத் திருத்தினால் டிக்‌ஷனரி தானாகத் திருந்தாது, பழைய நிறத்தின் கீழேயே அது கிடக்கும். லூப் மெதுவாக இருந்தாலும் அப்போதைய உண்மையைத்தான் பார்க்கிறது.

பாதி பாதியாக வெட்டித் தேடும் பைசெக்ட் பற்றிச் சொன்னவருக்கு: வரிசைப்படுத்திய லிஸ்டில்தான் அது செல்லும். பொருளின் பண்பைச் சாவியாகக் கொடுக்கும் வசதி பைத்தான் 3.10-இல்தான் வந்தது. ஆரம்பப் பாடத்தில் இதைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

கேட்டவர் | ஜூன் 22, இரவு 9.05

அண்ணா, எல்ஸை எடுத்த உடனே சரியாகிவிட்டது. ஆனால் பச்சைக் கட்டம் எங்களிடம் மூன்று ரகம், நிரல் ஒன்றைத்தான் காட்டியது. லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்கு மாற்றினேன், இரண்டு வந்தது. மூன்றாவதில் க் இல்லை. திருத்திவிட்டேன். ஒரு சந்தேகம்: கடையில் உட்காரும்போது ஒன்றைக் காட்டுவதா, மூன்றையும் காட்டுவதா?

பதில் | ஜூன் 22, இரவு 9.40

மூன்றையும். விலை குறைந்ததை முதலில் வையுங்கள், சார்ட்டட் போட்டு விலையைச் சாவியாகக் கொடுத்தால் வரிசையாகிவிடும். பெரியப்பா கடையில் ஒரு கைலியை மட்டும் எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. மூன்றையும் பாய் மேல் விரித்துவிட்டு, வாடிக்கையாளரின் கை எதைத் தொடுகிறது என்று பார்ப்பார்.

எண்ணை வைத்து பில் போடும் இடத்தில் மட்டும் ஒன்றைத் தரும் ஃபங்ஷன் இருக்கட்டும். அங்கே இரண்டு கிடைத்தால் எண் கொடுத்ததில் தவறு இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகாமல் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லும்படி எழுதுங்கள்.